இரண்டு பெண்களின் அப்பா கேட்கிறார்: இந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மனைவி பொள்ளாச்சிப் பக்கம் பள்ளி ஆசிரியை. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் மாலை ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார். எங்களுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவளுக்கு நான்கு. இருவரையும் எழுப்பிக் குளிப்பாட்டி, தலை வாரி, இரட்டைச் சடை பின்னி, ஸ்கூட்டரில் சின்னவளை முன்னால் நிறுத்திப் பெரியவளைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் சின்னவள் செப்புச் சாமானில் காபி போட்டுத் தருவாள். பெரியவள் டீச்சராகி எனக்கு டிக்டேஷன் வைப்பாள். வாசலில் கைகளைப் பிடித்து ராட்டினம் சுற்றிவிடுவேன். இரவு பத்து மணி வரை மொட்டைமாடியில் கதை. "நிலா ஏன் அப்பா நம் வண்டி கூடவே வருகிறது?" என்று சின்னவள் தினமும் கேட்கிறாள். ஞாயிறு எண்ணெய்க் குளியல். எழுதும்போது எல்லாம் அற்ப விஷயமாகத் தெரிகிறது. ஆனால் இந்த அளவுக்கு நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

இப்போது புதிய யூனிட்டில் ஷிப்ட் சூப்பர்வைசர் பதவி தருவதாகச் சொல்கிறார்கள். வாரம் ஒன்றாக மூன்று ஷிப்டும் பார்க்க வேண்டும். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடும். நான் தயங்குவதைப் பார்த்து அம்மா, "இரண்டு பெண்ணைப் பெற்றவன் பெண்பிள்ளை மாதிரி சடை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாளைக்குச் சீர் செய்ய யார் கொடுப்பார்கள்?" என்கிறார். இன்னொன்று. என் அக்கா வயதுக்கு வந்த பிறகு அப்பா அவள் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. நானும் அப்படித்தான் ஆவேனா? இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் பழகிக்கொள்ள வேண்டுமா? இதெல்லாம் டாக்டரிடம் கேட்கிற விஷயமா என்றும் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள கோவை வாசகருக்கு,

தாராளமாகக் கேட்கலாம். குழந்தை மருத்துவருக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி சாப்பிடாத குழந்தை, தூங்காத குழந்தை, செல்போனைக் கீழே வைக்காத குழந்தை பற்றியவை. எழுதுபவர்களும் பெரும்பாலும் அம்மாக்கள். உங்கள் கடிதத்தில் நோயாளி யார் என்று தேடிப் பார்த்தேன், யாரும் அகப்படவில்லை. நன்றாக இருக்கும் ஒரு மனிதர், நன்றாக இருப்பதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்பதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

இப்படி ஓர் அப்பா எழுதினால், "உங்கள் மகள்களின் மூளை வளர்ச்சிக்கு இது மிகவும் நல்லது" என்று பதில் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அந்த வழக்கம் பிடிப்பதில்லை. அப்படிச் சொன்ன மறுநாளே காபி விளையாட்டு பாடமாகிவிடும். "எத்தனை ஸ்பூன் சர்க்கரை? எண்ணிச் சொல் பார்க்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த வாசனை உடனே தெரியும். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விடும். வெறும் டம்ளரை வாங்கி, சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடிப்பதுதான் அங்கே உங்களுக்கு வேலை. சர்க்கரை போதவில்லை என்று குறை சொன்னால் இன்னும் உத்தமம், மறுபடி அடுப்புப் பற்றவைக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

பெரியவள் டீச்சராகும் நேரத்தில் மட்டும் ஒரு காதைத் தீட்டி வைத்திருங்கள். ஏழு வயதுப் பிள்ளையிடம் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று வரும். அதே பிள்ளை ஸ்கேலைக் கையில் எடுத்துவிட்டால் யார் முதல் பெஞ்ச், யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, யாரை எந்தச் சொல்லால் திட்டினார்கள் என்று முழு வகுப்பும் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். நீங்கள் மாணவராகவே உட்கார்ந்திருங்கள். நடுவில் அப்பாவாக மாறி விசாரணை தொடங்கினால் ஆட்டம் அன்றோடு சரி. ஒரே அவமானச் சொல் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தால், அவள் இல்லாத நேரத்தில் பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் பேசுங்கள்.

நிலா விஷயத்தில் உங்கள் சின்னவள் தனி ஆள் இல்லை. 1920-களில் குழந்தைகளிடம் பேசிப் பேசியே அவர்கள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, நிலா தங்கள் கூடவே நடந்து வருகிறது என்று அங்குள்ள பிள்ளைகளும் நம்பியதை எழுதி வைத்திருக்கிறார். தூரம், கோணம் என்று விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். "எதிர்வீட்டு அண்ணன் அந்தப் பக்கம் போகிறானே, அவன் கூட எந்த நிலா போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பேச்சு இருக்கும். பெரியவளுக்கு விடை தெரிந்திருந்தால் அவளே தங்கைக்குச் சொல்லட்டும், தவறாகச் சொன்னாலும் பாதகமில்லை.

சடை பின்னுவது பெண்பிள்ளை வேலை என்று அம்மா சொல்வதற்குத் தமிழில் ஒரு பழைய பதில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளை எடுத்து வளர்த்த பெரியாழ்வார், தன்னை யசோதையாகவே பாவித்துக்கொண்டு, கண்ணனுக்குத் தலை வார வா என்று காக்கையைக் கூப்பிட்டுப் பாடியவர். பூச்சூட்ட வா என்று பிள்ளையையும் அழைத்திருக்கிறார். கோயிலில் இதைக் கேட்டு உருகுகிறோம், வீட்டில் மகன் சீப்பை எடுத்தால் முகம் சுளிக்கிறோம். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உடலும் ஆழ்வார் பக்கம்தான். பிலிப்பைன்சின் செபு நகரத்தில் இளைஞர்கள் பல நூறு பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மீசையைத் தடவிப் பார்க்க வேண்டாம். துணை தேடும் காலம் முடிந்து பிள்ளை வளர்க்கும் காலத்துக்கு ஆண் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள்.

மருத்துவராக எனக்கு உங்கள் பின்னலில் ஒரே கவலைதான், இறுக்கம். புதிதாகக் கற்றுக்கொண்ட அப்பாக்கள், மாலை வரை கலையக் கூடாது என்ற வைராக்கியத்தில் நெற்றித் தோலே மேலே இழுபடும்படி பின்னிவிடுகிறார்கள். தினமும் அப்படி இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் வகிட்டிலும் முடி மெலியும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காமலும் போகலாம். பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். வலிக்கிறது என்றால் அவிழ்த்துத் தளர்த்துங்கள். விடுமுறை நாளில் சடையே வேண்டாம்.

ராட்டினத்தை மட்டும் இன்றே மாற்றுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழங்கையில் எலும்பின் தலையைப் பிடித்திருக்கும் தசைநார் வளையம் இன்னும் இறுகியிருக்காது. மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினால் எலும்பு அதிலிருந்து நழுவிவிடக்கூடும். அப்படி நழுவினால் குழந்தை கையைத் தூக்காமல் தொங்கப் போட்டுக்கொண்டு அழும். மருத்துவர் பெரும்பாலும் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். வீட்டில் எண்ணெய் போட்டு உருவிவிடுவது, சுளுக்கு எடுப்பவரிடம் போவது இரண்டும் வேண்டாம். அக்குளுக்குக் கீழே இரு கையாலும் பிடித்துச் சுற்றுங்கள். சுற்றுகிறவருக்கு முதுகு வலிக்கும், சுற்றப்படுகிறவருக்கு ஆனந்தம் குறையாது.

ஸ்கூட்டரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்தோஷத்தின் நடுவில் ஹெல்மெட்டைக் கொண்டுவருவது எங்கள் தொழிலின் வியாதி. நான்கு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். அதற்குக் கீழே என்றால் ஹெல்மெட்டோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி வந்தது. முன்னால் நிற்கும் குழந்தை, திடீர் பிரேக் போட்டால் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்குத்தான் சட்டமும் இடம் தருகிறது. ஆகவே ஒரு நாள் பெரியவள் உங்களுடன், சின்னவள் பள்ளி வேனில். மறுநாள் மாற்றி. முதல் வாரம் அழுகை இருக்கும். அதன்பின் ஒவ்வொருத்திக்கும் தங்கையோ அக்காவோ குறுக்கே பேசாத அப்பா கிடைப்பார். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. உங்கள் கடிதத்தில் மனைவி ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போகிறார், ஆறரைக்கு இறங்குகிறார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. ராட்டினமும் காபியும் கதையும் அப்பாவுக்கு என்றால், வீட்டுப்பாடமும் "வாயில் இருப்பதை விழுங்கு" என்பதும் "போதும், வந்து படு" என்பதும் யாருக்கு? நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தவர், தன் பிள்ளைகளுக்குக் கண்டிப்பான டீச்சராக மட்டும் மிஞ்சிப் போகக் கூடாது. வாரத்தில் சில மாலைகள் வீட்டுப்பாட நோட்டை நீங்கள் வாங்கிக்கொண்டு, மொட்டைமாடியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சொல்லும் கதை வேறு மாதிரி இருக்கும். கதை நேரத்தையும் முன்னே தள்ளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், நான்கு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம். காலை ஆறரைக்கு எழுப்புகிற வீட்டில் பத்து மணிக் கதை கட்டுப்படியாகாது, எட்டரைக்கு முடியட்டும்.

எங்கள் மருத்துவமனைகளில் அடுத்த தடுப்பூசி எப்போது என்று கேட்டால், அப்பாக்கள் உடனே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். சின்னவளுக்கு ஐந்து வயதில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றையும் தடுக்கும் டிபிடி இரண்டாவது ஊக்கத் தடுப்பூசி போட வேண்டும். பெரியவளுக்கு ஒன்பது வயதானதும் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடலாம். இந்தத் தேதிகள் உங்கள் செல்போனில் இருக்கட்டும். பள்ளியிலிருந்து பேன் வந்தால் ஈரத் தலையில் பேன் சீப்பால் வகிடு வகிடாக வாரி எடுப்பதும் உங்கள் கணக்கில் சேரட்டும், உங்கள் தலையையும் யாரிடமாவது காட்டிவிடுங்கள். சீப்பும் பூவும் கையில் எடுத்தவர் பேன் சீப்புக்கு மட்டும் மனைவியைக் கூப்பிட்டால் எப்படி?

பதவி உயர்வுக்கு வருகிறேன். மூன்று ஷிப்டு என்றதும் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். வாரவாரமாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறு. காலை ஆறு மணி ஷிப்டு வாரத்தில் உங்கள் கையால் சடை இல்லை, ஆனால் பள்ளி விடும்போது வாசலில் நீங்கள் நிற்கலாம். பிற்பகல் ஷிப்டு வாரத்தில் காலை முழுக்க உங்களுடையது, மாலை போய்விடும், திரும்பி வரும்போது இருவரும் தூங்கியிருப்பார்கள். இரவு ஷிப்டில் கதை சொல்லிவிட்டுக் கிளம்பலாம், விடிந்ததும் வந்து சடையும் பின்னலாம். ஆக, சந்தோஷம் அழியாது, இடம் மாறும். ஒன்றில் மட்டும் நான் கறார். இரவு முழுக்க விழித்துவிட்டு வந்த காலையில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றக் கூடாது. அந்த வாரம் இருவருக்கும் வேன்தான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பகலில் இருட்டான அறையில் ஏழு மணி நேரம் தொந்தரவில்லாமல் தூங்க முடியாவிட்டால், இரவு ஷிப்டு வாரத்தில் நீங்கள் எரிந்துவிழும் அப்பாவாகிவிடுவீர்கள். தூக்கம் கெட்டவரின் கோபத்துக்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்லை என்பது நான்கு வயதுக்குப் புரியாது. அடுத்து, காலை ஷிப்டு வாரத்தில் நீங்கள் ஐந்தரைக்கும் மனைவி ஏழுக்கும் போய்விட்டால் பிள்ளைகளைக் கிளப்புவது யார்? சீரைப் பற்றிக் கவலைப்படும் அப்பத்தாவிடம் அந்தக் காலைகளைக் கேட்டுப் பாருங்கள். சரி என்றால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முழங்கால் வலி என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். வேன் கட்டணத்தையும் ஆள் வைத்தால் அந்தச் சம்பளத்தையும் பன்னிரண்டாயிரத்தில் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டுக் கடன் நெருக்காத பட்சத்தில், சின்னவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை தள்ளிப்போட முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்பேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதைப் பிள்ளைகளின் தலையில் இறக்கிவைக்காதீர்கள். "உங்களுக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பதவியை விட்டேன்" என்று பத்து ஆண்டுகள் கழித்து ஓர் அப்பா சொல்லும்போது, கேட்காமலே வாங்கிய கடனுக்கு மகள் வட்டி கட்ட ஆரம்பிக்கிறாள். உங்களுக்கு இது பிடித்திருந்தது, அதனால் விட்டீர்கள். அவ்வளவுதான் உண்மை.

சம்பளம் கூடினாலும் கூடாவிட்டாலும், தபால் நிலையத்தில் இருவர் பெயரிலும் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இல்லையென்றால் திறந்துவிடுங்கள். பத்து வயதுக்குள் திறக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டுகள் கட்டினால் தொடங்கியதிலிருந்து இருபத்தோரு ஆண்டுகள் முடிந்ததும் முதிரும், பதினெட்டு வயதுக்குப் பிறகு மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். சீருக்குச் சேர்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளுங்கள், படிப்புக்குச் சேருங்கள்.

உங்கள் அக்காவைப் பற்றி எழுதிய வரிகள்தான் கடிதத்திலேயே கனமானவை. உங்கள் அப்பா கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. வளர்ந்த மகளுக்குத் தர அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை ஒதுங்கி நிற்பது. ஊரும் அதைத்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு பூப்பு நீராட்டு விழாவைக் கவனித்துப் பாருங்கள். தாய்மாமனுக்குச் சீர்த் தட்டு, மாலை, மேடை. அத்தைமார்களுக்கு நீராட்டும் வேலை. அம்மாவுக்கு ஓயாத ஓட்டம். அப்பாவுக்கு மண்டபத்துக்குப் பணம் கட்டும் வேலையும், ஃபிளெக்ஸ் பேனரில் கைகூப்பி நிற்கும் வேலையும். மகளிடம் ஒரு வார்த்தை பேச அந்தச் சடங்கில் அவருக்கு இடமே வைக்கவில்லை.

மகள் பக்கமிருந்து பாருங்கள். நேற்றுவரை தோளில் தூக்கிக்கொண்டவர் இன்று பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். காரணத்தை யாரும் சொல்வதில்லை. பதினோரு, பன்னிரண்டு வயதில் அவள் தானாகக் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றுதான், தன் உடம்பில் ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் நேரானது. விலகிப் பழக வேண்டாம். தொடுவதை யார் தீர்மானிப்பது என்பதை மட்டும் இப்போதிருந்தே அவர்களிடம் ஒப்படையுங்கள்.

எண்ணெய்க் குளியலிலிருந்து தொடங்கலாம். பெரியவளைக் குளிப்பாட்டுவதை நிறுத்திவிடலாம். அவளாகக் குளிக்கட்டும், கதவைச் சாத்திக்கொள்ளட்டும். உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பது உங்கள் கையில் இருக்கட்டும், சீயக்காய்க்கு உதவி வேண்டுமென்றால் கூப்பிடுவாள். முழுதாக நுரை போகாமல் ஒருநாள் வெளியே வருவாள், வந்துவிட்டுப் போகட்டும். சின்னவளுக்குத் தலையும் முதுகும் நீங்கள் தேயுங்கள், மறைவிடத்தை அவளே கழுவப் பழக்குங்கள். உறுப்புகளுக்கு வெட்கப்படாமல் பெயர் சொல்லிக்கொடுங்கள். கிச்சுகிச்சு மூட்டும்போது சிரித்துக்கொண்டே "போதும் அப்பா" என்றாலும் அந்த நொடியில் கை நிற்க வேண்டும். அப்பாவின் கை நிற்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, வெளியே ஒருவன் கை நிற்காதபோது அது தவறு என்று உடனே பிடிபடும். வீட்டில் வந்து சொல்லவும் வாய் வரும். முத்தம் கொடுக்க மாமாவையோ தாத்தாவையோ நோக்கி அவளைத் தள்ளிவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், வணக்கம் போதும்.

பெண் குழந்தைகளுக்கு எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் மார்பு அரும்பத் தொடங்கும். பெரும்பாலும் அதிலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிலக்கு வரும். எட்டு வயதுக்கு முன்பே தொடங்கினாலும், பதின்மூன்று முடிந்தும் அறிகுறியே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பெரியவளுக்கு இன்னும் ஓராண்டில் தொடங்கினால்கூட அது இயல்புக்குள்தான். நீங்கள் நினைப்பதைவிட நாள் நெருக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் முதலில் சிறு கட்டிபோல வரலாம், பட்டால் வலிக்கும். பயந்துபோய் உங்களிடம் சொல்ல வந்தால், "அம்மாவிடம் சொல்" என்று அனுப்பிவிடாதீர்கள். "வளர்கிற வயதில் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், சாயங்காலம் அம்மா இன்னும் விவரமாகச் சொல்வார்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்து ஏதாவது கேட்கிறாளா என்று சற்று நில்லுங்கள்.

ஏழு மணிக்கு அம்மா கிளம்பிவிடும் வீட்டில், முதல் கறையை அவள் காணும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்களாகவே இருக்கலாம். அன்று பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். பீரோவில் நாப்கின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வயிறு வலிக்கிறதா என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகிறாயா, வீட்டில் இருக்கிறாயா என்று அவளிடமே விடுங்கள். போகிறேன் என்றால் வழக்கம்போலச் சடை பின்னிவிடுங்கள். விழா, தாய்மாமன் பேச்செல்லாம் பிறகு. அதுவும் அவள் விரும்பினால் மட்டும். அந்த நாளில் திடீரென்று தைரியம் வராது என்பதால், மாத மளிகைப் பட்டியலில் அரிசி பருப்போடு நாப்கினையும் இப்போதிருந்தே நீங்கள் வாங்குங்கள். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றித் தந்தால், வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று சொல்லுங்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போது சொன்னால் நல்லது.

அவளே விலகும் காலம் ஒன்று வரும். அறைக் கதவைச் சாத்துவாள். உங்கள் நகைச்சுவைக்குச் சிரிக்கமாட்டாள். பள்ளி வாசலுக்கு முன்னாலேயே தெருமுனையில் இறக்கிவிடச் சொல்வாள், தோழிகள் பார்க்கக் கூடாதாம். மனம் வாடும், வாடட்டும். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு நீங்களும் முறுக்கிக்கொள்ள வேண்டாம். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருங்கள். உடம்பு பருத்ததையும் முகப்பருவையும் பற்றி வேடிக்கைக்குக்கூடப் பேசாதீர்கள். ஸ்கூட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். வளர்ந்த பெண்கள் எதிரே உட்கார்ந்து சொல்லத் தயங்கும் விஷயங்களைப் பின்சீட்டில் உட்கார்ந்து அப்பாவின் ஹெல்மெட்டிடம் சொல்லிவிடுவார்கள். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினால் போதும்.

இதற்கெல்லாம் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் உங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போகும்போது, மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, அன்றைக்கு அப்பா என்ன சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் உடனே பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பேசினால், மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.